இஞ்ஞாசியைக் கொன்றது யார்

பல வருஷங்களுக்கு முன்னால் அக்கரை நாட்டுக் கப்பல் சுட்டு மூழ்கடித்துவிட்டதென்று நாடே மாரடித்து அழுத ‘அலங்கார மாதா’ வள்ளம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராயப்பன் சாளை மீன் கூடையை ஏலம் கூவிக்கொண்டிருந்த நேரத்தில், புன்னைத்துறைக் கரைக்கு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்தது. போன ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். போன அதே சட்டை, போன அதே வயசு. பாயில் கிழிசல் இல்லை, பலகையில் ஓட்டை இல்லை. சுக்கான் பிடித்து நின்ற இஞ்ஞாசியின் உதட்டில் பீடி பாதிதான் எரிந்திருந்தது, வள்ளத்தின் அடியில் சீலா மீன்கள் இன்னும் வாலடித்துக்கொண்டிருந்தன.

கரையில் நின்றவர்கள் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் மீனைப் பார்த்தார்கள். செத்தவர்கள் திரும்பி வந்ததைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், வெயில் ஏறினால் சீலா கெட்டுப்போகும் என்று ராயப்பனுக்குத் தோன்றியது. சாளையை ஓரமாகத் தள்ளிவிட்டு சீலாவைக் கூவ ஆரம்பித்தான். கூவும்போதே அவன் வள்ளத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஏனென்றால் வள்ளத்தின் முன்முனையில் கயிற்றோடு நின்ற பங்கிராஸின் பெண்டாட்டி மர்த்தீனாளை அவன் கல்யாணம் முடித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

மீன் வாங்க வந்த பெண்கள் கூட்டத்தில் இஞ்ஞாசியின் பெண்டாட்டி கித்தேரி நின்றாள். இஞ்ஞாசி முழங்கால் தண்ணீரில் இறங்கி நேராக அவளிடம் வந்தான். வந்தவன் அவள் தலையைத்தான் பார்த்தான்.

“ஏட்டி, தலையில என்னத்தக் கொட்டுன? சுண்ணாம்பா?”

கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். உப்புப் படிந்து சொரசொரவென்று இருந்தது, சூடாக இருந்தது. எத்தனையோ ராத்திரி எத்தனையோ கேள்வி கேட்கவேண்டுமென்று கிடந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரே கேள்விதான் கிடைத்தது.

“சாப்பிட்டியளா?”

“இல்ல. பனியா மூடிக்கிட்டு. ஒண்ணுமே தெரியல. விடிஞ்சதும் வந்துட்டோம்” என்றான் அவன், ஒரே ஒரு ராத்திரி வெளியே போய்விட்டு வந்தவனாக. பிறகு கரையைச் சுற்றிப் பார்த்தான். “கோயில் கோபுரத்தை என்னத்துக்கு இடிச்சிய?”

கோபுரத்தை யாரும் இடிக்கவில்லை, அக்கரைப் பீரங்கி இடித்தது. அதை அவனுக்கு எப்படிச் சொல்ல? அந்தச் சண்டையே அவனுக்காக வந்ததுதான். வள்ளம் காணாமல்போன நாலாம் நாள் அதிபர் வீரபாகு தொலைக்காட்சியில் உடைந்த பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதில் ‘அலங்கார’ வரைக்கும் எழுத்து இருந்தது, மீதி கருகியிருந்தது, நடுவில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. “வெறும் கையோடு மீன் பிடிக்கப் போன என் ஐந்து தம்பிமார்களைச் சுட்டுவிட்டார்கள்” என்று சொல்லி அவர் அழுதார், அவரோடு சேர்ந்து நாடும் அழுதது. மறுநாள் கித்தேரி மணலில் விழுந்து அழுத படம் எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது. ‘இந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. அந்தச் சுவரொட்டிக்கு அடியில் மேசை போட்டு ஊர் ஊராகப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சண்டை வருஷக்கணக்கில் நடந்தது, மலையூர்ப் பையன்களும் வயற்காட்டுப் பையன்களும் போய்க்கொண்டே இருந்தார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் களைத்துப்போய், சண்டை தொடங்கிய அதே எல்லைக்கோட்டிலேயே வந்து நின்றுகொண்டார்கள்.

ஊர் அந்த ஐந்து பேரையும் ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. கடலுக்குப் போகிற ஊரில், போனவன் வராமல் போவதற்குத்தான் காரணம் கேட்பார்கள், வந்தவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பங்குச்சாமியார் இவர்களுக்காக இத்தனை வருஷம் வைத்த பூசைகளை, வேண்டிக்கொள்ள ஆளில்லாத ஆன்மாக்களுக்கு மாற்றிக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டார். மர்த்தீனாள் இரண்டு புருஷன்மாருக்கும் நடுவில் நின்று ஒரு பகல் முழுக்க அழுதாள். அப்புறம் பங்கிராஸே தன் தம்பி வீட்டுக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனான். சாயங்காலமானால் அவனும் ராயப்பனும் ஒரே வலையின் இரண்டு தலைப்பில் உட்கார்ந்து கண்ணி முடிந்தார்கள், பேசிக்கொள்ளத்தான் இல்லை.

கித்தேரி வீட்டில்தான் ஒன்றும் சுலபமாக முடியவில்லை. கரையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே இஞ்ஞாசி மகனைக் கேட்டுவிட்டான்.

“நேவிஸ் எங்க? பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டானா?”

“பட்டாளத்துக்குப் போயிட்டான்.”

“பதினாறு வயசுப் பயலையா எடுத்தானுவ?”

“அவனுக்குப் பதினெட்டு ஆச்சு” என்றாள் கித்தேரி. “பொறவு பத்தொம்பது ஆச்சு. அதுக்கு மேல ஆகல.”

அவன் இரண்டு எட்டு நடந்தான். மூன்றாவது எட்டில் நின்றான். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் கருவாடு வறுக்கிற வாசம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பையன் கையால் தண்ணீர்க் குடம் வாங்கி வள்ளத்தில் வைத்தவன் அவன். அவன் கணக்கில் அது முந்தின நாள்தான்.

“எதுக்குட்டி போனான்?”

“உங்களைக் கொன்னவனைக் கொல்ல.”

இஞ்ஞாசி அவளைப் பார்த்தான். கோபமில்லை, அழுகையில்லை, ஒன்றும் புரியாத முகம்.

“என்னை யாரு கொன்னா?”

அந்தக் கேள்விதான் ஊரைப் பிடித்துக்கொண்டது. அவன் அதை வீட்டில் கேட்டான், கோயிலில் கேட்டான், டீக்கடையில் கேட்டான், கடற்கரையில் தங்கள் பெயர் பொறித்து அரசாங்கம் நிறுத்தியிருந்த கல்தூணுக்கு முன்னால் போய் நின்று கேட்டான். கேட்டவர்களுக்கெல்லாம் அது பதில் தெரிந்த கேள்வியாகவே தோன்றியது. வாயைத் திறந்தபிறகுதான் தெரியவில்லை என்று தெரிந்தது. கித்தேரிக்கும் அப்படித்தான். வருஷா வருஷம் நினைவு நாளன்று அந்தப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதிபர் பக்கத்தில் மேடையில் நின்றவள் அவள். ஒரு தடவைகூட அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. துக்கம் வந்தவளுக்குச் சந்தேகம் எங்கேயிருந்து வரும்?

சேதி பஸ் ஏறிப் போனது. அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சண்டையில் பிள்ளையைக் கொடுத்த தாய்மார், தகப்பன்மார். மலையூரிலிருந்தும் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும், கடலையே பார்த்திராதவர்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் தடுமாறி நடந்து வந்தார்கள். வந்தவர்கள் கூச்சல் போடவில்லை. இஞ்ஞாசியின் முன்னால் வந்து நின்று, சிலர் அவன் தோளைத் தொட்டு, சிலர் சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, எல்லோரும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“உங்களை யாரும் சுடலையாய்யா?”

“சுடல தாயி” என்று ஒவ்வொருவருக்கும் அவன் சொன்னான். முதல் ஆளுக்குச் சொன்னது போலவே கடைசி ஆளுக்கும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கேட்டவர் முகத்தில் ஏதோ ஒன்று இற்று விழுவதைக் கித்தேரி கதவருகில் நின்று பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பிள்ளைகள் போனார்கள். அதைச் சிலர் சொல்லவும் செய்தார்கள், திட்டாக அல்ல, “சுவத்துல பார்த்த அம்மாதானே நீ?” என்று.

கொண்டல்சாமி என்று ஒருவர் வந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய மீசை, இரண்டு மகன்களையும் கொடுத்தவர். அவர் மட்டும் கேள்வி கேட்கவில்லை. இஞ்ஞாசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சுட்டாங்கன்னு சொல்லிருய்யா” என்றார். “உனக்கு என்ன நட்டம்? சுட்டாங்க, கடல்ல விழுந்தோம், எப்படியோ பிழைச்சோம்னு சொல்லு. நான் ஊர்ல போய்ச் சொல்லிக்கிடுதேன். எம்பொண்டாட்டி உசுரோட இருக்கா, அவகிட்ட போய் நான் வேற என்னத்தைச் சொல்ல?”

இஞ்ஞாசியின் கை கொண்டல்சாமியின் கைக்குள்ளேயே இருந்தது.

“எனக்கும் ஒருத்தன் போயிருக்கான்ணே” என்றான். “சுட்டிருந்தா நானும் சொல்லிருப்பேன்.”

கொண்டல்சாமி அன்று ஊருக்குத் திரும்பவில்லை. கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் திரும்பவில்லை. புன்னைத்துறைக்காரர்கள் முதலில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், அப்புறம் பந்தல் போட்டார்கள், அப்புறம் யார் வீட்டில் யார் குளிப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அதிபர் வருவார். பாதியில் நின்றுபோன சண்டையை மறுபடியும் தொடங்கப்போவதாக இந்தத் தடவை இதே மேடையில் அறிவிப்பார் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஜீப்புகள் வந்தன. பட்டாளத்துக்காரர்கள் ஐந்து பேரையும் பிடித்துப் பழைய ஐஸ் கிடங்கில் அடைத்தார்கள். செத்துப்போன வீரத் தியாகிகளைப் போல முகத்தை மாற்றிக்கொண்டு அக்கரை நாடு அனுப்பிய ஒற்றர்கள் இவர்கள் என்று ரேடியோவில் அறிவிப்பு வந்தது. கித்தேரி வீட்டுக்கு அதிபரின் செயலாளர் மங்கையர்க்கரசி என்ற அம்மாள் வந்தாள். மெல்லிய குரல், கசங்காத கைத்தறிப் புடவை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள், கொடுத்த பாலில்லாத கட்டங்காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

“உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னுதான் நானே வந்தேன்மா. நினைவு நாளன்னைக்கு அவங்க அஞ்சு பேரையும் மேடைக்குக் கொண்டுவருவோம். இது உங்க கணவரான்னு ஒரே ஒரு கேள்வி கேட்போம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்களை அக்கரைக்குப் படகு ஏத்தி அனுப்பிருவோம், உயிரோட இருப்பாங்க.”

“ஆமான்னு சொன்னா?”

மங்கையர்க்கரசி தம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ அவர் எதிரிகிட்ட ஒளிஞ்சிருந்து நாட்டை ஏமாத்தினவர். தேசத்துரோகத்துக்கு இந்த நாட்டுல ஒரே தண்டனைதான்மா.”

நினைவு நாளுக்கு முந்தின நாள் கித்தேரியைக் கிடங்குக்குள் விட்டார்கள். ஐஸ் இல்லாத கிடங்கு, ஆனாலும் சுவரெல்லாம் மீன் கவிச்சை. இஞ்ஞாசி மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்தில் பங்கிராஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவன் போல.

“நான் என்ன சொல்லட்டும்?” என்றாள்.

“எனக்குப் பயமாத்தான் இருக்குட்டி” என்றான் இஞ்ஞாசி. “வெறப்பாப் பேசுதேன்னு நினைக்காத. சாக எனக்குப் பிரியமில்ல. நேத்துதான் வந்த மாதிரி இருக்கு.”

“அப்ப இல்லைன்னு சொல்லவா?”

அவன் அவள் நரைத்த தலையை ஒரு கையால் தடவினான், முதல் நாளைப் போல ஆச்சரியப்படாமல். “நேவிஸ் ஒசரமா இருந்தானா? பட்டாளத்துக்குப் போகையில?”

“உங்களைவிட ஒசரம். குனிஞ்சுதான் வாசல்ல நுழைவான்.”

“நான் பார்க்கல பாரு” என்றான். ஆமாம் என்று சொல் என்றோ, இல்லை என்று சொல் என்றோ அவன் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

நினைவு நாள் காலையில் கடற்கரை கொள்ளாத கூட்டம். மேடைக்குப் பின்னால் துணி மறைத்த சின்ன அறையில் கித்தேரியை உட்கார வைத்து, கையில் பலகையைக் கொடுத்தார்கள். அதிபர் வீரபாகு உள்ளே வந்தார். வருஷா வருஷம் செய்வது போலவே குனிந்து அவள் காலைத் தொட்டார். வயசாகியிருந்தது அவருக்கு, கண்ணுக்குக் கீழே சதை தொங்கியது. கெட்டவர்போலத் தெரியவில்லை.

“கால் வலி எப்படியிருக்கும்மா இப்போ?” என்றார். போன வருஷம் அவள் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்.

“ஐயா, என் வீட்டுக்காரரைக் கொன்னது யாரு?”

அவர் துணிக்கு வெளியே கேட்ட இரைச்சலைக் கவனித்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

“அக்கரைக்காரன் என்னைக்காவது நம்மளை அடிப்பான்னு நான் நிஜமாவே நம்பினேன். நாம முந்திக்கணும். ஆனா ஜனங்க சும்மா பிள்ளைகளை அனுப்புவாங்களா? அவங்களுக்கு ஒரு முகம் வேணும்.”

“என் முகமா?”

“உங்க முகம்” என்றார் அவர், மறைக்காமல். “படகு எப்படியும் முழுகியிருக்கும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. யாருக்குக் கெடுதல்னு நினைச்சேன். வெளியில உட்கார்ந்திருக்கிற தாய்மாரைப் பாருங்கம்மா. எம்பிள்ளை நாட்டுக்காகச் செத்தான்னு ஒரு பிடிமானத்துலதான் அவங்க சோறு திங்கிறாங்க. நீங்க ஆமான்னு சொன்னா அந்தப் பிள்ளைகள் இன்னொரு தடவை சாவாங்க. அதைச் செய்வீங்களா?”

கொண்டல்சாமி கேட்டதும் இதையேதான். ஆனால் கொண்டல்சாமி இஞ்ஞாசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். இவர் கை மடிமேல் அசையாமல் இருந்தது. கித்தேரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புதுசாச் சண்டை தொடங்கப்போறியளாமே” என்றாள்.

அவர் எழுந்துகொண்டார். “நேரமாச்சும்மா.”

மேடையில் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், கை பின்னால் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் துப்பாக்கிகள். முன்னால் மணல் முழுக்கத் தலைகள், முதல் வரிசைகளில் பந்தலில் தங்கியிருந்த தாய்மாரும் தகப்பன்மாரும். மங்கையர்க்கரசி ஒலிபெருக்கியில் கேட்டாள், “அம்மா, நாட்டுக்குச் சொல்லுங்க. இவர் உங்க கணவரா?”

கித்தேரி இஞ்ஞாசியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், அவள் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. ஒலிபெருக்கியில் முதலில் அவள் மூச்சுக்காற்றுதான் போனது. அந்தக் காற்றுச் சத்தம் கடற்கரை முழுக்கக் கேட்டது.

“இவிய என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி” என்றாள். “இவியளை யாரும் சுடல. யாரும் கொல்லல.” பிறகு அதிபர் பக்கம் திரும்பினாள். “எம்மவனைக் கொன்னது யாரு? அதைச் சொல்லுங்க.”

ஒலிபெருக்கியை யாரோ பிடுங்கினார்கள். அதற்குள் முன்வரிசையில் கொண்டல்சாமி எழுந்துவிட்டார். பஸ் ஓட்டிய ஆள், ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் அலைக்கு மேலே கேட்டது.

“எம்பிள்ளைங்க ரெண்டு பேரையும் கொன்னது யாரு?”

அவர் மனைவி எழுந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அவரே ஊருக்குச் சொல்லியனுப்பி வரவழைத்திருந்தார். அவளும் அதையே கேட்டாள். அடுத்த ஆள் எழுந்தார், அதற்கடுத்த ஆள் எழுந்தாள், கேட்டவர்கள் கேட்டவர்களாக மேடையை நோக்கி நடந்தார்கள், மேடைப்படியில் உட்கார்ந்தார்கள், மேடைக்கு அடியில் உட்கார்ந்தார்கள், அதிபரின் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவரும் தன் பிள்ளை பெயரைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டார்கள். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. பட்டாளத்துக்காரன் தன் அதிகாரியைப் பார்த்தான், அதிகாரி தனக்கு மேலே உள்ளவரைப் பார்த்தார், அவர் மங்கையர்க்கரசியைப் பார்த்தார், மங்கையர்க்கரசி அதிபரைப் பார்த்தாள், அதிபர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடு என்ற சொல்லைத் தன் வாயால் சொல்ல, பின்னால் அதற்குப் பதில் சொல்ல, அன்றைக்கு ஒருவரும் தயாராக இல்லை.

எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து அதிபரின் நெற்றியில் பட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வேறொரு மூச்சு வந்தது. இளவட்டங்கள் படியேறினார்கள், ஒருவன் கையில் துடுப்பு இருந்தது. கித்தேரிக்கும் அந்த நேரம் உடம்பு முறுக்கியது. அவர் செத்தால் நல்லது என்று அவள் நினைத்தாள், பின்னாளில் அதை மறைத்ததுமில்லை. கட்டின கையோடு இஞ்ஞாசிதான் குறுக்கே வந்து நின்றான்.

“அவரை அடிச்சுக் கொன்னா யாருலே பதில் சொல்லுவா?” என்று கத்தினான். “நான் செத்துக்கிடந்தேன்னியளே, அப்ப என்கிட்ட யாராவது வந்து கேட்டியளா? செத்தவன்கிட்ட என்ன கேப்பிய? அவரு உசுரோட இருக்கணும். உக்காந்து சொல்லணும்.”

துடுப்பு கீழே இறங்கியது.

அதிபருக்கு நாற்காலி போட்டார்கள். மர்த்தீனாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு தாய் தன் முந்தானையைக் கிழித்து நெற்றிக்குக் கட்டினாள். கட்டிவிட்டு, “எம்மவன் பேரு செல்லக்கண்ணு. அவனைக் கொன்னது யாரு?” என்றாள். அவர் முதலில் நாட்டைப் பற்றிப் பேசினார். யாரும் குறுக்கிடவில்லை. பேசி முடித்ததும் அடுத்த ஆள் கேட்டார். அவர் எதிரியைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆள் கேட்டாள். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. அதிகாரிகள் ஒவ்வொருவராக மேடையின் பின்பக்கமாக நழுவிப் போனார்கள், அவர்கள் போவதை அவரும் பார்த்தார். பெயர்கள் தீரவில்லை. கேள்வியும் மாறவில்லை.

சாயங்காலம் மணல் குளிர ஆரம்பித்தபோது அவர் கித்தேரியின் மடியிலிருந்த பலகையைக் கை காட்டினார்.

“அதை நாங்கதான் செஞ்சோம்” என்றார். குரல் கரகரத்தது. “அன்னைக்குக் கடல்ல ஒரு குண்டும் வெடிக்கலன்னு கடற்படை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தது. நான் பேசறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசினேன்.”

கூட்டம் ஆரவாரம் செய்யவில்லை. கொண்டல்சாமி தன் மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டார். எங்கோ ஒரு கிழவர் அழுதார், அவ்வளவுதான். கித்தேரி பலகையை மேடைமேல் வைத்துவிட்டு, கத்தி கேட்டு வாங்கி, இஞ்ஞாசியின் கைக்கட்டை அறுத்தாள்.

வழக்கு வெகுகாலம் நடந்தது. இந்த ஐந்து பேரும் சட்டப்படி இறந்தவர்கள், இறந்தவர்கள் சாட்சி சொல்ல முடியாது என்று அதிபரின் வக்கீல் ஒரு நாள் முழுக்க வாதாடினார். நீதிபதி அம்மாள் இஞ்ஞாசியைப் பார்த்து, தாகமாக இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றான். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தாள், அவன் மடமடவென்று குடித்தான். “சாட்சி உயிரோடு இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றாள். வீரபாகுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, தெரிந்தே அவருக்குத் துணைபோன கடற்படைத் தளபதிக்கும் மங்கையர்க்கரசிக்கும் அவரவருக்கு உரியது கிடைத்தது. புதுச் சண்டை தொடங்கவில்லை. வீரபாகுவின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்காத வீடுகளும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. தீர்ப்பு வந்த அன்று கித்தேரிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குப் பசிதான் எடுத்தது, அவ்வளவு வருஷமாக எடுக்காத பசி.

அதற்குப் பிறகு அக்கரைக்குப் போகவர வழி திறந்தார்கள். நேவிஸை அங்கேதான் புதைத்திருந்தார்கள் என்று தெரியவந்தது. கித்தேரியும் இஞ்ஞாசியும் வள்ளத்திலேயே போனார்கள். ஒரு தென்னந்தோப்புக்குள் அந்த நாட்டுப் பையன்களும் இந்த நாட்டுப் பையன்களும் கலந்து கிடந்தார்கள். ஒருத்தி புல் செதுக்கிக்கொண்டிருந்தாள், கித்தேரி வயசுதான். அதே பேச்சு, இழுப்பு மட்டும் வேறு. பெயரைச் சொன்னதும் கூட்டிப்போய்க் காட்டினாள். இஞ்ஞாசி அந்த மண்மேல் குப்புற விழுந்தான், பிறகு எழுந்து தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குத் தன் கையால் முழம் போட்டு அளந்து பார்த்தான்.

அந்தப் பெண் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சாகாத ஆளு நீங்கதானா?”

“நாந்தான்மா.”

அவள் கையிலிருந்த புல்லை அவன்மேல் வீசினாள். அப்புறம் வெறுங்கையால் அவன் நெஞ்சில் அடித்தாள், ஒரு தரம், இரண்டு தரம். கித்தேரி தடுக்கவில்லை, இஞ்ஞாசி நகரவில்லை. அடித்து ஓய்ந்ததும் நேவிஸுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அந்த இரண்டும் யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கித்தேரி போய் அவளோடு உட்கார்ந்தாள்.

“உங்க அதிபரு ஒத்துக்கிட்டாராமே” என்றாள் அந்தப் பெண், மூக்கைச் சிந்திக்கொண்டு. “மேடையில உக்கார வச்சுக் கேட்டீங்களாமே.”

“கேட்டோம்.”

“எங்களுக்கும் ஒரு படகு காட்டினாங்க. எங்க மீன்காரங்க ஏழு பேரை நீங்க வெட்டிப்போட்டதா. அதுக்காகத்தான் எங்க பிள்ளைங்க போனது.” கடலைப் பார்த்தாள். “அது இன்னும் திரும்பி வரல.”

தோப்புக்குள் காற்று அடித்தது. கித்தேரி கொஞ்சநேரம் அந்தப் பெண்ணின் மண் ஒட்டிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள், அவளுக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

“படகு வாறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றாள். “உங்க அதிபரு வீடு எங்க இருக்கு, வா.”